எந்தக் கட்டை?

காலையில் நடக்க வருகிறவர்களுக்கெல்லாம் என் கதை தெரியும். கல்முனையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் அது ஒரு பகிடியாகப் பரவியிருக்கிறது. "கட்டைக்கும் கிலோமீட்டருக்கும் வித்தியாசம் தெரியாம ஓடி, கிட்னியப் பழுதாக்கின மனிசன் இவர்தான்" என்று என்னைக் காட்டிச் சொல்வார்கள். நானும் சிரித்துவிட்டு நடப்பேன்.

பகிடி நல்லதுதான். ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன். நாற்பது தாண்டிய பிறகு சப்பாத்து வாங்கி ஓடக் கிளம்புகிறவர்களுக்கு நாலு விஷயம் சொல்லவும் வேண்டியிருக்கிறது. அவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். வழுக்கி விழுந்தவனிடம்தான் வழி கேட்பார்கள் போலும்.

எனக்கு நாற்பத்தாறு வயது. நில அளவை அலுவலகம் ஒன்றில் படம் வரைகிற வேலை. காணிக்கு எல்லை போடுவதும், அடியையும் மீட்டரையும் மாற்றுவதும்தான் இருபது வருடமாக என் சோறு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

என் தம்பி இர்பான் என்னைவிட ஏழு வயது இளையவன். அக்கரைப்பற்று - கொழும்பு பஸ் ஓட்டினான். இரவு பகலாக இருக்கையில் இருந்து, பிரஷரைக் கவனிக்காமல் விட்டு, முப்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகங்களும் போயின. கிழமைக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும், ஆஸ்பத்திரியில் டயலிசிஸ். இரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தப்படுத்தி, திரும்ப உடம்புக்குள் விடுவது. நாலு மணித்தியாலம் பிடிக்கும். அவனுக்கு ஒரு சிறுநீரகம் வேண்டும். ராத்தாவுக்கு, அதாவது எங்கள் அக்காவுக்கு, சீனி வியாதி, அவரால் முடியாது. மிச்சம் நான்தான்.

நான் ஓம் என்றேன். கேட்டவுடனேயே சொன்னேன். குடும்பமே என்னைக் கட்டிப்பிடித்து அழுதது. இரத்தம் பொருந்தியது. ஆனால் கொழும்பில் என்னைப் பரிசோதித்த டொக்டர், எடை பத்துக் கிலோ குறைய வேண்டும், பிரஷரும் கொஞ்சம் இறங்க வேண்டும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

அப்படித்தான் ஓட்டம் தொடங்கியது. திரும்பத் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் இரண்டாம் இடம் வந்தவன் நான். அந்தக் கால்கள் இன்னும் எனக்குச் சொந்தம் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் இருநூறு மீட்டரில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பால் கொண்டு போன ஒரு மனிதர் சைக்கிளை நிறுத்தி, "சேர், ஆரும் வெரட்டுறாங்களா?" என்று கேட்டார்.

பயிற்சித் திட்டத்தை எழுதித் தந்தது தம்பி. டயலிசிஸ் கட்டிலில் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறவன், உலகத்தில் இருக்கிற எல்லா ஓட்டக்காரரின் வீடியோவையும் பார்த்து முடித்திருந்தான். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினான். முதலாம் கிழமை ஒரு கட்டை, பாதி நடை பாதி ஓட்டம், ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டாம் கிழமை ஒன்றரைக் கட்டை. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எட்டாம் கிழமை ஆறு கட்டை. கீழே கோடு போட்டு, "அவசரப்படக் கூடாது" என்றும் எழுதியிருந்தான்.

எங்கள் ஊர்களில் தூரத்தைக் கட்டையில்தான் சொல்வார்கள். வீதியோரம் நட்டிருக்கிற தூரக்கல்லுக்குக் கட்டை என்று பெயர். வாப்பா காலத்தில் அது மைல் கட்டை. மைல் கட்டைகளைப் பிடுங்கிக் கிலோமீட்டர் கட்டைகளை நட்டுப் பல காலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. வயது போனவர்களுக்குக் கட்டை என்றால் இன்னும் மைல்தான். பஸ்காரனுக்கோ கண்ணில் படுகிற கல்தான் கட்டை, அதாவது கிலோமீட்டர். ஒரு மைல் என்பது ஒரு கிலோமீட்டரும் இன்னொரு கிலோமீட்டரின் பாதிக்கு மேலும்.

நான் மைலில் ஓடினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றதை விட்டுத் தினமும் ஓடினேன். நான்கு கிழமையில் எடை நான்கு கிலோ குறைந்தது. பிறகு றமழான் வந்தது, நோன்பு மாதம் முழுக்க ஓடவில்லை. பெருநாள் முடிந்து பார்த்தால், கொழும்புக் கிளினிக்குக்கு மூன்று கிழமைதான் இருந்தது. கஞ்சியும் சமூசாவும் எடையைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டன.

ஒரு மாதம் நிறுத்திய உடம்பு முதலாம் கிழமைக்குத் திரும்ப வேண்டும். இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு நான் நேரே எட்டாம் கிழமைக்குப் பாய்ந்தேன்.

பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பில் அது ஐந்தாவது. வறண்ட கச்சான் காற்று அடிக்கிற காலம். உடம்பில் வியர்வை தெரியாது, வந்த கையோடு காற்று துடைத்துவிடும். பின்னேரம் அசர் தொழுதுவிட்டுக் கல்முனையில் என் வீட்டிலிருந்து கிளம்பினேன். பிரதான வீதியால் தெற்கே போய், காரைதீவுச் சந்தியைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் திரும்பி, நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சாய்ந்தமருதில் தம்பியின் வீட்டுக்கு வந்து சேர்வது திட்டம். ஆறு மைல். காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை.

கடைசி மைலில் தொடைகள் என் தொடைகளாக இல்லை. நிற்க நினைத்தேன், ஆனால் நிற்கவில்லை. தம்பியின் வீடு ஒழுங்கை முனையில், கட்டை ஒன்றின் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பாங்கு சொன்னது. இரண்டு ஈத்தம்பழம், அரைக் கோப்பைக் கஞ்சி. அதற்கு மேல் இறங்கவில்லை. அண்ணனைக் காக்கா என்பதுதான் எங்கள் வழக்கம். தம்பி என்னைப் பார்த்து, "என்ன காக்கா, முகம் வெளுத்திரிக்கி?" என்றான். வெயில் என்றேன்.

மறுநாள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பியபோது தொடை இரண்டும் வீங்கிக் கல்லாக இருந்தன. வீட்டில் கிடந்த வலிக் குளிசையில் இரண்டைப் போட்டுக்கொண்டு ஆறாவது நோன்பையும் பிடித்தேன். இதை எழுதும்போது என்னை நானே அடிக்க வேண்டும் போலிருக்கிறது. அந்தக் குளிசை, தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு இரத்தம் போகிற வழியைச் சுருக்கிவிடும் என்று பிறகுதான் சொன்னார்கள்.

மத்தியான லுஹர் தொழுகையில் கடைசி இருப்பில் இருந்து சலாம் கொடுத்தேன். எழும்ப முடியவில்லை. பாயிலேயே இருந்தேன். மனைவி ஹபீபா இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். நான் அதிகமாக துஆக் கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். மூன்றாம் தரம் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ஏன் எழும்பாம இரிக்கீங்க?"

"எழும்ப ஏலாம இரிக்கி."

அவள் என்னை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினாள். அப்போதுதான் சொன்னேன், காலையிலிருந்து சிறுநீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போகிறது என்று.

"சாயம் கூடினதா, கொறஞ்சதா?"

"கூடினது."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். ஓட்டோ பிடிக்க வாசலுக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தவர் திருக்கோவில் ஊர்ப் பக்கத்து டொக்டர், முப்பது வயது மதிக்கலாம். சிறுநீர்ப் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். என் தொடையை அழுத்தினார். எனக்கு அழுத்துவது தெரிந்தது, விரல் தெரியவில்லை. தோல் மரத்துப் போயிருந்தது. அதற்குள் செய்தி எட்டித் தம்பியும் வந்துவிட்டான். கட்டில் கால்மாட்டில் நின்றான்.

"எவ்வளவு தூரம் ஓடினீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"ஆறு கட்டை."

"ஆறு கிலோமீட்டரோ?"

"இல்ல. மைல்."

"மைலா?" தம்பியின் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. "யா அல்லாஹ்! காக்கா, நான் சொன்னது கிலோமீட்டர் கட்டை! நம்மட ரோட்டில நிக்கிற கட்டை! இவ்வளவு நாளும் மைலிலயா ஓடின நீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காத வாய்க்கு ஊர் ஒரு பதிலைத் தானாகவே வைத்துக்கொள்ளும். அந்த இடத்தில்தான் அந்தப் பகிடி பிறந்தது.

எனக்கு வந்த நோயை டொக்டர் விளக்கினார். பழக்கமில்லாத தசையை அளவுக்கு மேல் வேலை வாங்கினால், அதுவும் வெயிலில் தண்ணீர் இல்லாமல் வாங்கினால், தசை நார்கள் உடைந்துபோகும். உள்ளே இருக்கிற சரக்கெல்லாம் இரத்தத்தில் கலக்கும். அதில் ஒரு சிவப்புச் சத்து சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொள்ளும். தேங்காய்ப்பால் வடித்த வடியைக் கழுவாமல் விட்டால் கண்ணெல்லாம் அடைபடுமே, அதுபோல என்றார். தசை எவ்வளவு உடைந்தது என்று காட்டும் ஒரு இரத்தப் பரிசோதனை உண்டு. என் அளவு மெஷின் காட்டக்கூடிய எல்லையைத் தாண்டியிருந்தது. பொட்டாசியமும் ஏறியிருந்தது. அது ஏறினால் இதயம் தாளம் தப்பும், நின்றும் போகலாம் என்று, நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள்.

சாகலாம் என்று ஒருவர் மரியாதையாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயம் வரவில்லை, அழுகை வரவில்லை. கூரையில் சுழன்ற மின்விசிறியின் மூன்று இலைகளில் ஒன்று மட்டும் வளைந்திருப்பதைக் கவனித்தேன். தொடையின் மரப்பு மேலே ஏறி மூளைக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நாட்கள் முழுக்க அப்படித்தான் கழிந்தன.

கட்டில் தலைமாட்டில் ஒரு தாள் தொங்கும். ஒரு பக்கம் உள்ளே போன நீர், மறுபக்கம் வெளியே வந்த நீர், எல்லாம் மில்லிலீட்டரில். சேலைன் இரண்டு கையிலும் ஏறியது. வெளியே வருவதை அளக்க, கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை. நான் அளவு வேலைக்காரன் அல்லவா, நர்ஸ் மிஸி எழுதுவதை நானும் எட்டிப் பார்ப்பேன். முதல் நாள் முந்நூறு. இரண்டாம் நாள் நூற்றைம்பது. மூன்றாம் நாள் ஒரு முட்டைக்கோதில் அடங்குகிற அளவு. உள்ளே போனதெல்லாம் உள்ளேயே நின்றது. முகம் ஊதியது. மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றினார்கள்.

பார்க்க வந்தவர்கள் பையும் கையுமாக வந்தார்கள். நோயாளியைப் பார்க்க எங்கள் பக்கத்தில் கொண்டு வருவது இரண்டு சாமான், தெம்பிலி இளநீரும் வாழைப்பழமும். இரண்டிலும் பொட்டாசியம். எனக்கு இரண்டும் விஷம். ஹபீபா சிரித்த முகத்தோடு வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைப்பாள், அவர்கள் போனதும் அடுத்த கட்டிலுக்குக் கொடுப்பாள். "இவருக்கு ஏலாதாம்" என்று அவள் சொல்லிச் சொல்லி, கடைசியில் அடுத்த கட்டில்காரர் என் விருந்தாளிகளை என்னைவிட ஆவலோடு எதிர்பார்த்தார்.

நான்காம் நாள் டொக்டர் வந்து, இனிச் சேலைனால் சரிவராது, மெஷின் போட வேண்டும் என்றார். கழுத்தில் ஊசி குத்திக் குழாய் வைத்தார்கள். அன்று வியாழக்கிழமை.

தள்ளுகட்டிலில் என்னை டயலிசிஸ் அறைக்குள் கொண்டுபோனபோது தம்பி ஏற்கனவே அவனுடைய கட்டிலில் இருந்தான். கையில் இரண்டு ஊசி, பக்கத்தில் மெஷின். எனக்குக் கிடைத்தது அடுத்த கட்டில். சிறுநீரகம் கொடுக்க வேண்டியவனும் வாங்க வேண்டியவனும் பக்கத்துப் பக்கத்தில் படுத்து இரத்தம் கழுவினோம். இதில் சிரிக்க நிறைய இருக்கிறது, பின்னாளில் சிரித்தும் இருக்கிறேன். அன்று முடியவில்லை.

தம்பி பழைய மாணவனைப் போல எனக்கு எல்லாம் சொல்லித் தந்தான். "குளிரும் காக்கா, போர்வையக் கேளுங்க. கால் சுருட்டிப் பிடிச்சா பொறுத்துக்கிட்டு இரிக்காம மிஸியக் கூப்பிடுங்க. மணிக்கூட்டப் பாக்காதீங்க, அது நகராது."



பிறகு அவன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான். "கிலோமீட்டர் எண்டு எழுதியிரிக்கணும். என்ட கைதான் கட்டை எண்டு எழுதின. எனக்குக் கிட்னி தாறதுக்கு ஓடின மனிசன நானே இதில கொண்டு வந்து போட்டிட்டன்."

அவன் தோள் குலுங்கியது. ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது என்பதால், அழுகையையும் அளவாகத்தான் அழுதான்.

இல்லையடா தம்பி என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். நான் வளைந்த இலை இல்லாத வேறொரு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இரண்டாம் முறை மெஷின் போட்டதற்கு மறுநாள், டொக்டர் என் கட்டில் ஓரத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார். "உங்கட கிட்னி திரும்பும் எண்டு நம்புறம். ஆனா தம்பிக்குக் குடுக்கிற விஷயத்த இப்ப நினைக்கேலாது. குறைஞ்சது ஒரு வருஷம் பாக்கணும். அதுக்குப் பிறகும் எல்லா ரிப்போட்டும் நல்லா இருந்தாத்தான்."

ஹபீபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பியின் மனைவி வெளியே போய்விட்டாள். எனக்கு அந்த ஒன்பது நாளில் முதல் தடவையாக ஒன்று தோன்றியது. வயிற்றிலிருந்து ஏறி, நெஞ்சில் இளகி, கண்வரை வந்தது. அது துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அது ஆறுதல்.

கத்தி இல்லை. கொழும்பு இல்லை. மயக்க ஊசி இல்லை. ஒரு சிறுநீரகத்தோடு வாழ்வது எப்படி என்ற யோசனை இல்லை. யாரும் என்னைக் கோழை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் நான் ஓடி விழுந்தவன்.

இப்போது அந்தப் பிழையைத் திருத்துகிறேன். தம்பி கட்டை என்று எழுதியபோது அவன் சொல்வது கிலோமீட்டர் என்று எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். இருபது வருடம் அளவு வேலை செய்தவனுக்கு, பஸ் ஓட்டினவன் எந்தக் கட்டையைச் சொல்கிறான் என்று விளங்காதா? மைலில் ஓடினால் சீக்கிரம் மெலியலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் அவசரக்காரனுக்குப் பக்கத்தில் இன்னொருவனும் ஓடினான். விழுந்தால் நல்லது என்று நினைத்தவன். கடைசி மைலில் நிற்காதே என்று சொன்னது அவனா இவனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பத்தாம் நாள் குவளையில் நானூறு. பதினோராம் நாள் எழுநூறு. பதின்மூன்றாம் நாள் ஆயிரத்து எண்ணூறு, அதுவும் தண்ணீர் நிறத்தில். ஹபீபா அந்தக் கணக்கைப் போனில் ராத்தாவுக்குச் சொன்னாள், தன் உம்மாவுக்குச் சொன்னாள், என் அலுவலகத்து மேலதிகாரிக்கும் சொல்லிவிட்டாள். "சேர், அல்ஹம்துலில்லாஹ், ஆயிரத்து எண்ணூறு!" அவர் என்ன விளங்கிக்கொண்டாரோ, மிகவும் சந்தோஷம் என்றாராம். மூன்றாம் முறைக்குப் பிறகு மெஷின் தேவைப்படவில்லை. பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டிலும் மரப்புத்தான். சாப்பிடு என்றால் சாப்பிட்டேன், படு என்றால் படுத்தேன். இடது தொடையின் வெளிப்பக்கத்தில் ஒரு கையகல இடம் உணர்ச்சியில்லாமல் இருந்தது. நுள்ளிப் பார்ப்பேன், யாருடைய தோலோ போல இருக்கும். ஹபீபா தினமும் காலையில் தண்ணீர்ப் போத்தலை நிரப்பி என் பக்கத்தில் வைத்து, மத்தியானம் வந்து எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பாள். திட்ட மாட்டாள். குறையாவிட்டால் போத்தலை எடுத்து ஒரு மிடறு தான் குடித்துவிட்டு என்னிடம் நீட்டுவாள். தம்பி திங்களும் வியாழனும் டயலிசிஸ் முடிந்து போகிற வழியில், நடக்கத் தெம்பில்லாமல், ஓட்டோவிலிருந்தபடியே வாசலில் என்னைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போவான். ஒவ்வொரு முறையும் அவன் கண்ணில் அந்தக் குற்றம் இருக்கும். நான் அதை அவனிடமே விட்டுவைத்தேன். இதற்குப் பெயர் மரப்பு இல்லை, வேறு ஒன்று.

இரண்டு மாதத்துக்குப் பிறகு இரத்தப் பரிசோதனை பழைய அளவுக்கு வந்தது. இனி நடக்கலாம், நடை பழகிய பிறகு மெல்ல ஓடலாம் என்றார் டொக்டர். நான் ஓடக் கேட்கவில்லை. "எடை ஏறினா பிரஷர் ஏறும், பிரஷர் ஏறினா தப்பின கிட்னியும் போகும்" என்று அவராகவே சொன்னார். எப்படி ஓடுவது என்றும் சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன், என்னிடம் கேட்கிறவர்களுக்காக.

முதல் மாதம் நடை மட்டும். அரை மணித்தியாலம் களைக்காமல் நடக்க முடிந்த பிறகுதான் ஓட்டம், அதுவும் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பது. ஓடும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் கதைக்க முடிய வேண்டும். வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகம் கூடிப்போச்சு. ஒருநாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. தூரத்தைக் கிழமைக்குக் கிழமை கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், மூன்று கிழமை கூட்டினால் நாலாவது கிழமை குறைக்க வேண்டும். இடையில் காய்ச்சலோ பிரயாணமோ நோன்போ வந்து நிறுத்தினால், விட்ட இடத்தில் பிடிக்கக் கூடாது, பின்னுக்குப் போய்த் தொடங்க வேண்டும். நோன்போடு ஓடவே கூடாது. வலித்தால் நிற்க வேண்டும், வலிக் குளிசை போட்டு ஓடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ் ஓட்டுவதற்குச் சமம். ஓடிவிட்டு வந்து சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

தம்பியின் கலண்டர் தாளில் இதில் முக்கால்வாசி ஏற்கனவே இருந்தது.

விடியற்காலைச் சுபஹ் தொழுதுவிட்டுத் தம்பியின் வீட்டு வாசலில் இருந்துதான் தொடங்குவேன். அது அவன் போட்ட நிபந்தனை. வாசல் கட்டைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டு, கம்பளிச் சட்டை போட்டு, மடியில் கொப்பியோடு இருப்பான். நான் போய்த் திரும்பி வருகிற நேரத்தைக் குறிப்பான். முதல் நாள் ஒரு நிமிட ஓட்டத்தை நான் ஒன்றரை நிமிடமாக நீட்டியதற்கு, "காக்கா, நான் இஞ்ச இரிந்து சீட்டா விளையாடுறன்?" என்று ஏசினான். மூன்று மாதத்தில் நிற்காமல் ஒரு கிலோமீட்டர். ஆறு மாதத்தில் மூன்று. வருடம் நெருங்கும்போது ஐந்து. இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடிய அந்தப் பையன் பார்த்தால் சிரிப்பான், அவ்வளவு மெதுவாக.

ஒரு வருடம் முடிந்த மாதம், என் ரிப்போட்டுகள் எல்லாம் நன்றாக இருப்பதாகவும், விருப்பமென்றால் கொழும்புக்கு மறுபடி எழுதலாம் என்றும் டொக்டர் சொன்னார். விருப்பமென்றால். அந்தச் சொல்லோடு இரண்டு நாள் திரிந்தேன். மூன்றாம் நாள் ஐந்து கிலோமீட்டரை ஓடி வந்து, கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பி தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். முன்னைய நாளின் டயலிசிஸ் களைப்பு அவன் முகத்தில் இருந்தது. குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"நீ எழுதினது கிலோமீட்டர் எண்டு எனக்குத் தெரியும் தம்பி."

அவன் கொப்பியில் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சுதான் மைலில ஓடின நான். உன்ட கையில பிழை இல்ல. மறுகா, ஆஸ்பத்திரியில, குடுக்க ஏலாது எண்டு டொக்டர் சொன்ன நேரம்..." போத்தல் மூடியைத் திருகித் திருகி மூடினேன்.  "எனக்கு நிம்மதியா இரிந்திச்சு."

எழுதி முடித்தான். பேனையை மூடினான்.

"காக்கா, பதினஞ்சு வருஷம் பஸ் ஓட்டின நான். முன்னுக்குப் போறவன் அவசரத்தில ஓட்டுறானா, பயத்தில ஓட்டுறானா எண்டு பின்னால இரிந்தே சொல்லுவன்."

"அப்ப ஆஸ்பத்திரியில நீ அழுதது?"

"பிழை என்டதா இரிந்தா, நீங்க தலை நிமிந்து நடக்கலாம்தானே."

என் இடது தொடை துடித்தது. அந்த மரத்த இடம்தான். பிறகு முழுக்காலும், பிறகு முழு உடம்பும் நடுங்கியது. கட்டையைக் கட்டிக்கொண்டு வீதியோரத்தில் உட்கார்ந்து அழுதேன். ஒரு வருடமாக வராத அழுகை. பால் கொண்டு போகிற அதே மனிதர் சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்துவிட்டு, இந்த முறை ஒன்றும் கேட்காமல் போனார்.

"இப்பயும் பயமா?" என்று தம்பி கேட்டான்.

"ஓம்."

"சரியான பயமா?"

"ஓம்டா."

"ஆனா மெதுவாத்தானே ஓடுறீங்க." கொப்பியைத் திருப்பிக் காட்டினான். இத்தனை மாதத்து நேரங்கள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரே வேகம். "பயந்தவன் இப்பிடி ஓட மாட்டான். தண்ணியக் குடிங்க."

குடித்தேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை கொழும்பு பஸ்ஸில் இரண்டு சீட் பதிந்திருக்கிறேன். தம்பிக்கு முன் சீட்டுத்தான் வேண்டுமாம், ரோட்டைப் பார்க்காவிட்டால் வயிற்றைப் பிரட்டுமாம். எவ்வளவு தூரம் என்று ஹபீபா கேட்டாள். முந்நூறு கட்டைக்கு மேல் இருக்கும் என்றேன்.

"எந்தக் கட்டை?" என்றாள்.

"தம்பிட கட்டை" என்றேன்.